வழுக்கையாற்றின் வழியே

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர் வரிசையையே தமது தொடக்கமாகக் கொண்டனர். வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை ஆகிய நூல்கள் வகுத்துத் தந்த வழி அது. எவன் வந்தான், எவளை மணந்தான், எங்கே முடி சூடினான் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதிலேயே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி கழிந்தது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலும், அதனையடுத்து 1928இல் சுவாமி ஞானப்பிரகாசர் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் இவ்விவாதத்தின் இரு கரைகள் எனலாம். அவ்விவாதத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் அரசன் ஆண்ட நிலம் எத்தகையது, அந்நிலத்தில் நீர் எவ்வழி ஓடிற்று, அந்நீரை நம்பி எவர் குடியேறினர் என்பன ஏடுகளை மட்டும் புரட்டுவோர்க்குப் புலப்படுவன அல்ல. அவை காலால் நடந்து அறியப்பட வேண்டியவை. கலாநிதி பொ. இரகுபதி ஊரூராகச் சென்று நிகழ்த்திய மேற்பரப்பாய்வு 1987இல் நூலுருப் பெற்றபோது, குடாநாட்டின் தொல் குடியிருப்புகள் பற்றி அதுவரை அரசர் கதைகள் சொல்லாத பல செய்திகள் வெளிவந்தன. அத்தகைய நடைப்பயணத்துக்கு ஏற்ற வழியொன்று குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் இயற்கையாகவே அமைந்துள்ளது. அது வழுக்கையாறு.

ஆறில்லாத ஊரின் அழகைப் பழிக்கும் ஔவையின் வாக்கை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்து வந்துள்ளனர். தமது ஊரைப் பழிக்கும் வாக்கை அவர்கள் மனத்தாங்கலின்றி ஒப்புவித்தமை வியப்புக்குரியதே. குடாநாட்டில் மலையில்லை, வற்றாத ஆறுமில்லை. நிலத்தின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் பெரும்பகுதி அக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படலமாகத் தங்குகின்றது. கிணறும் துலாவும் யாழ்ப்பாணத்து வேளாண்மையின் அடையாளங்களானமை இக்காரணத்தாலேயே. இதற்கு ஒரு விலக்காக அமைந்தது வழுக்கையாறு. வழுக்கியாறு எனவும் இதனை வழங்குவர். தெல்லிப்பழை, அளவெட்டி ஆகிய ஊர்களின் தாழ்நிலங்களிற் சேரும் மழைநீர் கந்தரோடை, சங்குவேலி, சண்டிலிப்பாய், கட்டுடை, நவாலி ஆகிய இடங்களைத் தொட்டு ஏறத்தாழப் பத்து மைல் ஓடி, அராலிக்கும் கல்லுண்டாய் வெளிக்கும் அண்மையில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அடைகின்றது. மாரியில் அது ஆறு. கோடையில் அது மாடு மேயும் தரவை. இடையிடையே குளங்களாகத் தேங்கி, மதகுகளின் கீழ் ஒடுங்கி, வயல்களிற் பரந்து செல்லும் அதனை ஓர் ஆறு என்று சொல்லக் காவிரிக் கரையிலிருந்து வந்தவர் எவரும் தயங்குவர்.

இவ்வாற்றை அதன் முகத்துவாரத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி நடத்தல் வரலாற்று மாணவனுக்கு ஏற்றது. கடல்வழி வந்தோர் உள்நாட்டை நாடிய திசையும் அதுவேயாகும்.

அராலி இன்று அமைதியான ஊர். கடல்நீரேரியின் ஆழங்குறைந்த நீரும், உவர்த்தரையும், காற்றுக்குச் சாய்ந்த வடலிகளுமே கண்ணிற் படுவன. எனினும் வானத்தை நோக்கிக் காலத்தைக் கணித்தோர் வாழ்ந்த ஊர் இது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராலி இராமலிங்க முனிவர் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிப்பு மரபின் தொடக்கத்திற் போற்றப்படுபவர். அம்மரபில் வந்தவரே அயலூரான வட்டுக்கோட்டையின் விசுவநாத சாஸ்திரியார். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கியபோது, அதன் தலைவராக வந்த டானியல் பூவர் ஐயருக்கும் சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்துக்கும் 1829இல் ஒரு சந்திர கிரகணத்தைப் பற்றி ஏற்பட்ட போட்டி பலராலும் விரித்துரைக்கப்பட்டது. பஞ்சாங்கம் கூறிய நேரமும் அளவும் பிழையெனப் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கணித்தவாறே நிகழ்ந்தது என மிஷன் ஏடுகள் மகிழ்ந்தெழுதின. ஒரு சமயத்தின் மேன்மைக்கு இதனைச் சான்றாக்கியமை வாதத்துக்கு அப்பாற்பட்ட உற்சாகம் என்றே கொள்ளவேண்டும். ஓர் ஊரின் கணிதர் ஓலையில் செய்த கணக்கும், அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்தவர் தாளிற் செய்த கணக்கும் ஒரே வானத்தின் கீழ்ச் சில நிமிட வேறுபாட்டுடன் நின்றன என்பதே இன்று நோக்கத்தக்கது. செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சங்க நூல்களையும் இலக்கண நூல்களையும் அச்சேற்றியமை தமிழுலகு அறிந்தது.

அராலியை விட்டு வடகிழக்காக நடப்பவர் ஆனைக்கோட்டை, நவாலி, மானிப்பாய் ஆகிய ஊர்களின் ஓரமாகச் செல்வர். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக் குழியொன்றை அகழ்ந்தபோது, எலும்புக்கூடொன்றின் அண்மையில் சிறிய முத்திரையொன்று கிடைத்தது. மேல்வரியில் மூன்று குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகளும் கொண்ட அம்முத்திரையிற் 'கோ' என்னும் சொல் இடம்பெறுவதாக ஆய்வாளர் வாசித்தனர். எந்தக் கைலாயமாலையும் அறியாத ஒரு தலைவன் ஆற்றின் கீழ்ப்புறத்தே வாழ்ந்து இறந்தான் என்பதற்கு அது சான்று. விசயன் கதையோ உக்கிரசிங்கன் கதையோ துணைசெய்ய வேண்டாத சான்று என்பது அதன் சிறப்பு.

நவாலி என்றவுடன் நினைவுக்கு வருபவர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கிய அவரைத் தங்கத் தாத்தா என்று அழைக்காத பிள்ளை ஈழத்தில் இல்லை. பனையைப் பற்றித் தாலவிலாசம் பாடியவரும் அவரே. அவர் பாடல்களிற் கூழும் கொழுக்கட்டையும் வரும் அளவுக்கு அரசர்கள் வருவதில்லை. அவ்வூர் அருகில் வாழ்ந்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டு, நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மானிப்பாய் அகராதி என்றே அது பெயர் பெற்றது. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததும் இவ்வூரிலேயே. மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்னும் வினா பின்னாளில் மேடைகளிற் பலமுறை எழுப்பப்பட்டது. அவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயலால் விடை கூறப்பட்ட இடம் இவ்வாற்றங்கரை. நவாலிப் புனித பேதுரு தேவாலயத்தின் முன்னும் நடப்பவர் சற்று நிற்க நேரும். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள், இடம்பெயர்ந்து அங்குத் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு வீசப்பட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உள்ளூர் வரலாறு என்பது பழம்பொருள் மட்டுமன்று என்பதை இவ்விடம் எவர்க்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சண்டிலிப்பாயை அணுகும்போது நிலம் வயலாக விரிகின்றது. இங்குள்ள கல்வளைப் பிள்ளையார்மீதே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கல்வளை அந்தாதியைப் பாடினார். அச்செய்யுள்களின் யமகச் சிடுக்கு உரையின்றி அவிழாதது. அக்காலப் புலமைக்கு அதுவே அளவுகோல். அதே புலவர் சுழிபுரத்துப் பறாளை விநாயகர்மீது பள்ளும் பாடினார் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. பள்ளு என்னும் சிற்றிலக்கியம் மழை வேண்டி, மழை பெய்து, ஆறு பெருகி வர, உழவு நடந்து, நெல் விளைதலைப் பாடுவது. காவிரியையும் பொருநையையும் கண்டு வளர்ந்த அவ்விலக்கிய மரபு, ஆறில்லாத குடாநாட்டுப் புலவர்களுக்கு ஒரு சங்கடத்தை உண்டாக்கியிருத்தல் வேண்டும். அவர்கள் கண்முன்னே பெருகக் கண்ட வெள்ளம் கார்த்திகை மாதத்து வழுக்கையாற்றின் வெள்ளமே. மதகுக்கு மேலாகச் செந்நிற நீர் பாய்ந்து ஒழுங்கைகளை மூடும் அச்சில நாட்களே பள்ளு நூலார்க்குப் போதுமானதாயின.

பள்ளு நூல்களைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. அவற்றிற் பள்ளனும் பள்ளியரும் பேசுகின்றனர், ஏசுகின்றனர், ஆடுகின்றனர். ஆனால் அவர்களது வாயிலாகப் பேசுபவர் நிலவுடைமையாளரின் ஆதரவிலிருந்த புலவர். நெல்லின் வகைகளும் மாட்டின் வகைகளும் நுணுக்கமாக வருணிக்கப்படும் அந்நூல்களில், வருணிக்கப்படும் வயலில் உழைத்தவன் எத்தனை பங்கு நெல்லைத் தன் குடிசைக்கு எடுத்துச் சென்றான் என்பது நகைச்சுவையாகவே வந்து போகும். வழுக்கையாற்றின் அணையையும் வாய்க்காலையும் ஆண்டுதோறும் திருத்தியவர் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை.

வழுக்கையாற்றின் நடுப்பகுதியை அணைந்தது கந்தரோடை. இவ்வூர்ப் பெயரின் ஈற்றிலேயே ஓடை நிற்றல் காணத்தக்கது. குடாநாட்டின் தொன்மை பற்றிப் பேசும் எவரும் இவ்வூரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்த போல் ஈ. பீரிஸ் இங்குள்ள மேடுகளை ஆராய்ந்து, தமது முடிவுகளை ராஜரீக ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் வெளியிட்டார். முருகைக்கல்லாற் கட்டப்பட்ட சிறிய தூபிகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றமையும், உரோம நாணயங்களும், இலட்சுமி உருவம் பொறித்த நாணயத் தகடுகளும், பாண்டியர் காசுகளும் அவர் கண்டவை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்தோர் அகழ்ந்தபோது, தூபிகளுக்கு மிக முற்பட்ட காலத்துக் குடியிருப்பின் தடயங்கள் வெளிவந்தன. தென்னிந்தியப் பெருங்கற்காலக் குடியிருப்புகளிற் காணப்படும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும், அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றை ஒத்த உருளி வரிப் பாண்டங்களும், பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் அங்குக் கிடைத்தன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே கந்தரோடையில் மக்கள் நிலைத்து வாழ்ந்தனர் என்பதும், அவர்கள் கடல் வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தனர் என்பதும் இவற்றாற் பெறப்படும்.

உள்நாட்டிலுள்ள ஓர் ஊருக்குக் கடல் வாணிகம் எவ்வாறு வந்தது? ஏடுகளில் நிற்போர் இவ்வினாவை எழுப்புவதில்லை; நடப்போர் எழுப்பாமல் இருக்க முடியாது. தெற்கே கடல்நீரேரி முதல் கந்தரோடை வரை ஆற்றின் தாழ்நிலம் ஒரு வழியாக அமைந்துள்ளது. வடக்கே, மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்புத்துறை, மகாவம்சம் கூறும் ஜம்புகோளப் பட்டினம் எனக் கருதப்படுவது. அங்கிருந்து கந்தரோடைக்கு நிலவழி நெடுந்தூரமன்று. வடகடல் துறைக்கும் தென்புறக் கடல்நீரேரிக்கும் இடையே, நன்னீரும் நெல்வயலும் உள்ள இடத்தில் ஒரு நகர் தோன்றியமை இயல்பேயாகும். கந்தரோடையின் இருப்பிடத்தைத் தேர்ந்தவன் அரசனல்லன். நீரே தேர்ந்தது எனலாம்.

தூபிகளைச் சூழ்ந்து எழுந்த விவாதம் நீரைப்போல் அமைதியானதன்று. நம்பொத்த என்னும் சிங்கள ஏடு, தமிழ்ப் பட்டினப் பகுதியிலுள்ள வணக்கத் தலங்களைக் கூறுமிடத்துக் கதுருகொட விகாரையைக் குறிப்பிடுகின்றது. அது கந்தரோடையே என்பர். தெல்லிப்பழையையும் மல்லாகத்தையும் நினைவூட்டும் பெயர்களும் அப்பட்டியலில் உள்ளன. இதனைக் கொண்டு, பௌத்தம் இருந்த இடமெல்லாம் சிங்களவர் இருந்த இடம் என ஒரு சாராரும், தூபிகளைப் பற்றிப் பேசுவதே தமிழர்க்குக் கேடு என மற்றொரு சாராரும் நின்றனர். இரு நிலைப்பாடுகளும் பௌத்தம் என்பது ஓர் இனத்தின் உடைமை என்னும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. மணிமேகலையைக் காப்பியமாகக் கொண்ட மொழி தமிழ். பாளியில் உரை வரைந்த ஆசிரியர் சிலர் தமிழகத்தைச் சார்ந்தோர். தமிழ் பேசியோர் பௌத்தராகவும் இருந்த காலமொன்று உண்டென்பதை ஒப்புக்கொள்வோர்க்குக் கந்தரோடைத் தூபிகள் அச்சந் தருவன அல்ல. வரலாற்றாய்வு என்னும் பெயரால் ஒரு பலகையை நடுவதும், அச்சத்தால் ஓர் அகழாய்வைப் புறக்கணிப்பதும் மண்ணின் கீழுள்ள சான்றுக்கு இழைக்கும் ஒரே அளவான தீங்குகள். இறந்த பிக்குகளின் எச்சங்கள்மீது எழுந்தவையா, நேர்த்தியாக எழுப்பப்பட்டவையா என்பது போன்ற வினாக்கள் அத்தூபிகள் பற்றி எழுந்துள்ளன. ஆற்றங்கரையில் நின்று நோக்குபவர்க்கு அவையே பயனுள்ள வினாக்கள்.

கந்தரோடையில் அங்கணாமைக்கடவை என்னும் இடத்தில் கண்ணகை அம்மன் கோயிலொன்றுண்டு. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் சென்றான் என்பது சிலப்பதிகாரத்துச் செய்தி. அவன் மீண்டு வந்தபோது கொணர்ந்த கண்ணகி வழிபாடு முதலில் இவ்விடத்தில் நிலைகொண்டது என்பது ஊர் மரபு. இம்மரபை நிறுவுதற்குச் சான்று போதாது. ஆயினும் தெற்கே சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ எனவும், கிழக்கிலும் வடக்கிலும் தமிழ் மக்கள் கண்ணகை எனவும் வழிபடும் தெய்வம் ஒன்றே என்பது சான்று வேண்டாத உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவாகம நெறியை வற்புறுத்தியபோது, சமணக் குடியிற் பிறந்த வணிகப் பெண்ணை வழிபடுதல் முறையன்று எனக் கண்டித்தார். அதன்பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகை கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. நாவலரின் தொண்டுகளை மதிப்போரும், இவ்விடயத்திற் பழந்தமிழ் மரபொன்று தமிழராலேயே மறைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். தூபியின்மீது மட்டுமே மண் மூடியது என்று எண்ணுதல் பிழை.

கந்தரோடைக்குக் கிழக்கே சுன்னாகம். சந்தையின் ஆரவாரத்தைத் தாண்டினால், அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்து கற்பித்த ஊர் என்பதே தமிழ் மாணவர்க்கு அதன் சிறப்பு. 2015ஆம் ஆண்டளவில் இவ்வூரையும் அயலூர்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருத்தல் பெரும் பிரச்சினையாகி, உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே மழைநீர் இறங்குவது போலவே மனிதன் ஊற்றுவதும் இறங்கும். இன்று ஆற்றுப் படுகை பல இடங்களில் ஒடுங்கிப் போயுள்ளது. படுகையை நிரவி எழுந்த மதில்களும் மதகின் கீழ்க் குவிந்த கழிவுகளும் நடப்பவரைச் சுற்றுவழியே போகச் செய்கின்றன. மாரி வெள்ளம் மட்டும் தன் பழைய வழியை மறப்பதில்லை. அது வீடுகளுக்குள் புகும்போதே அவ்விடம் ஆறு என்பது பலர்க்கு நினைவு வருகின்றது.

அளவெட்டி இசையால் அறியப்பட்ட ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி இணுவிலிற் பிறந்து இவ்வூரில் வாழ்ந்து 1975இல் மறைந்தார். கவிஞர் மஹாகவி (1927–1971) பிறந்ததும் இங்கேதான். நாதசுரக் கலைஞனொருவனின் குடும்பத்தை வைத்து அவர் எழுதிய கோடை என்னும் பாநாடகத்தை அளவெட்டியின் ஒழுங்கைகளில் நடந்தபின் படித்தல் வேறோர் அனுபவம். அரசர் கதை பாடிய வையாபாடலுக்கும், பெயரற்ற உழவனையும் கலைஞனையும் பாடிய மஹாகவிக்கும் இடையில் ஈழத்துக் கவிதை நடந்து வந்த தூரம் பெரிது.

ஆற்றின் தலைப்பகுதியாகிய தெல்லிப்பழையில், பத்து மைல் நடந்தவர் எதிர்பார்க்கும் ஊற்றோ சுனையோ இல்லை. தாழ்ந்த வயலும் சில குளங்களும் மட்டுமே உள்ளன. 1816இல் டானியல் பூவர் முதன்முதல் வந்து தங்கிப் பள்ளி நடத்தியது இவ்வூரிலேயே. தெல்லிப்பழையிலிருந்து வட்டுக்கோட்டைக்குச் சென்ற அவர், 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார்; ஆற்றின் தலையும் கடையும் இடையும் அவர் வாழ்வில் இவ்வாறு பொருந்தின. இதே ஊரில் 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியைத் தொடங்கினார். மிஷன் கல்வியின் பயனை அறிந்தவர், அதே கல்வியைச் சைவப் பிள்ளைகளுக்கும் தம் சூழலிலேயே கிடைக்கச் செய்ய எண்ணியதன் விளைவு அது. ஒல்லாந்தர் காலத்தெழுந்த தண்டிகைக் கனகராயன் பள்ளு தெல்லிப்பழைக் கனகராயனைத் தலைவனாகக் கொண்டது. ஆறு பிறக்கும் ஊரைச் சார்ந்தே ஒரு பள்ளும் பிறந்தமை பொருத்தமானதே.

இங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் மாவிட்டபுரம். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய வைபவமாலை, சோழ இளவரசி மாருதப்பிரவல்லியின் கதையைக் கூறும். குதிரை முகத்தோடு துன்புற்ற அவள் கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிப் பெண்முகம் பெற்றாள். மா முகம் விட்டு நீங்கிய இடம் மாவிட்டபுரமாயிற்று. கதிரைமலையிலிருந்து அரசாண்ட உக்கிரசிங்கன் அவளைக் கண்டு கவர்ந்து சென்று மணந்தான். சொல்லைப் பிரித்துக் கதை கட்டும் இத்தகைய முறை நம் தலபுராணங்களிற் பெருவழக்கு. அதனைச் சொற்பிறப்பியலாகக் கொள்வதற்கில்லை. ஆனால் கதையை நிலத்தின்மீது வைத்து நோக்கினால் வேறொன்று புலனாகும். கதிரைமலை கந்தரோடையே என இராசநாயகம் முதலியார் கருதினார். அக்கருத்துப் பொருந்துமாயின், உள்நாட்டு நகரிலிருந்து வடகடல் துறைக்குச் செல்லும் அதே வழியே கதையின் வழியும் ஆகின்றது. அரசனின் ஆண்டு பொய்யாகலாம். அவன் சென்ற பாதை பொய்யன்று. ஐதிகங்களில் வரலாற்றைத் தேடுவோர் பெயரையும் ஆண்டையும் விட்டு, இடத்தையும் தூரத்தையும் தேடுவது நலம்.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக 1968இல் அவ்வாயிலின் முன் அமர்ந்து அறப்போர் நடத்தினர். கதவுகள் மூடப்பட்டன, எதிர்த்து நின்றோரின் தலைமையில் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான ஒருவர் இருந்தார். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும், அதனை நடைமுறைப்படுத்தக் கோயில் வாயிலில் மனிதர் அடிபட வேண்டியிருந்தது. பள்ளு நூல்களில் ஆடிப் பாடியவர்களாகக் காட்டப்பட்டோரின் வழித்தோன்றல்களே அங்கு அமர்ந்திருந்தோர். உருமாறிய இளவரசிக்குத் திறந்த தலம், நெல் விளைவித்தோர்க்குத் திறவாதிருந்தது. தலபுராணம் படிப்போர் இதனையும் அத்தலத்தின் வரலாற்றிற் சேர்த்தே படித்தல் வேண்டும்.

1990இல் இப்பகுதி மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயமாகிய நிலத்தில், ஊர்ப் பெயர்கள் முகாம்களில் மட்டுமே வாழ்ந்தன. மல்லாகம் கோணாப்புலம் முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மயிலிட்டியும் காங்கேசன்துறையும் பெற்றோர் சொன்ன கதையாகவே இருந்தன. போர் முடிந்த 2009க்குப் பின் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2015 சனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. திரும்பி வந்தோர் பலர் தம் காணியின் எல்லையைக் கிணற்றைக் கொண்டே அடையாளங் கண்டனர். வேலியும் வீடும் அழிந்தவிடத்துக் கிணறு எஞ்சியிருந்தது. இருபத்தைந்து ஆண்டு நடக்கப்படாத ஒழுங்கைகளின் பெயர்களைத் தெரிந்த முதியோர் இன்று குறைந்து வருகின்றனர். அவர்களுடன் நடந்து அப்பெயர்களைப் பதிவு செய்தல் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணி. தலபுராண ஏடுகள் காத்திருக்கும், அம்முதியோர் காத்திருக்க இயலாது.

நடை கீரிமலையில் முடிகின்றது. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இங்கு நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். கீரி முகமும் குதிரை முகமும் நீரினால் மனித முகமாதல் ஒரே கதையின் இரு வடிவங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்த நகுலேசுவரம், 1990இல் குண்டு வீச்சுக்கு உள்ளாகிப் போருக்குப் பின் திரும்பவும் திருத்தப்பட்டது. கடல் அலை மோதும் கரையில், சில அடி தொலைவில், நன்னீர் நிறைந்த கேணி உள்ளது. வலிகாமத்து நிலத்தில் இறங்கிய மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் கீழ் வழிதேடி வந்து இங்கு ஊற்றாகின்றது. தெல்லிப்பழை வயலில் விழும் மழையில் ஒரு பகுதி வழுக்கையாறாகித் தெற்கே அராலிக்குச் செல்ல, நிலத்துள் இறங்கும் பகுதி வடக்கே கடலை நாடுகின்றது. ஆடி அமாவாசையன்று தந்தையரை நினைந்து பிதிர்க்கடன் செய்வோர் கடலில் மூழ்கியபின் இக்கேணியில் உவர் நீங்க நீராடுவர். கேணியின் படிகளில் அன்று இடம் கிடைத்தல் அரிது.